செங்கோட்டை: எல்லை ஊரின் மரபுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது செங்கோட்டை. குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள், சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிறவர்கள், கொல்லம் ரயிலில் மலையைப் பார்க்க ஏறுகிறவர்கள் எல்லோரும் இந்த ஊரைக் கடந்து போகிறார்கள். பெரும்பாலானவர்கள் தேநீர் குடிக்க மட்டும் இறங்குகிறார்கள். கொஞ்சம் நின்று பேசுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செங்கோட்டைப் பக்கத்துப் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "பாதி தமிழ், பாதி கேரளம்" என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணவாய் வழியாகக் காலங்காலமாக ஆட்களும் மாடுகளும் சரக்கும் சாமிகளும் போய்வந்ததில் உண்டான மரபு இது. எல்லைக்கோடு அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. அந்தக் கோடும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

எல்லை எங்கே இருக்கிறது?

இன்றைய தமிழக–கேரள எல்லை ஊருக்கு மேற்கே இருக்கிறது. புளியரையைத் தாண்டி, மலைச்சாலை வளைந்து ஏறும் இடத்தில், கோட்டைவாசல் பகுதியில் கேரளம் தொடங்குகிறது. அங்கிருந்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கிக் கொல்லம் வரை அந்தச் சாலை போகிறது.

அப்படியானால் ஊருக்குக் கிழக்கே, தென்காசி சாலையில், "பிரானூர் பார்டர்" என்று ஓர் இடம் எப்படி?

வெளியூர்க்காரர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். பஸ்ஸில் "பார்டர்" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, கேரள எல்லையில் இறங்கப்போவதாக நினைத்துப் பரோட்டாக் கடைகளின் முன்னால் இறங்கி நிற்கிறார்கள்.

1956 வரைக்கும் அதுதான் உண்மையான எல்லை. மன்னராட்சிக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் பிரானூர். சமஸ்தானத்துச் சுங்கமும் சட்டமும் பிரானூரில் தொடங்கின. 1956-ல் எல்லை மலைக்கு நகர்ந்துவிட்டது. பெயர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. கடைக்காரர், நடத்துநர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் இன்றைக்கும் அது "பார்டர்"தான்.

ஊருக்குள் சங்குச் சின்னத்தோடு ஒரு வளைவு நிற்கிறதே, அது என்ன?

திருவிதாங்கூர் காலத்துத் தோரணவாயில். மேலே இருப்பது சமஸ்தானத்தின் அரசுச் சின்னமான சங்கு. திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபசுவாமிக்கு நாட்டைச் சமர்ப்பித்து, அவருடைய தாசர்களாக ஆண்டவர்கள். அதனால் அரசு முத்திரையிலும் பெருமாளின் சங்கு வந்தது. வளைவின் இருபுறமும் துவாரபாலகர் உருவங்கள் இருக்கின்றன. கோயில் வாசலில் நிற்க வேண்டியவர்கள் ஊர் வாசலில் நிற்கிறார்கள். நாடே பெருமாளின் சொத்து என்று கருதியவர்களுக்கு ஊர் வாசலும் கோயில் வாசலும் ஒன்றுதான்.

செங்கோட்டை முதலில் கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிறு அரசின் பகுதியாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்டவர்மர் அந்த அரசைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டபோது செங்கோட்டையும் போனது. கொட்டாரக்கரை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நாட்டார் கதையில் மறுபடியும் வரும்.

வளைவைப் பார்க்கிறவர்கள் இரண்டு நிமிடம் சாலையோரமாக ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். லாரிகளும் பஸ்களும் அதனடியில் ஓயாமல் நுழைந்து போகின்றன. உள்ளூர்க்காரர்களே அண்ணாந்து பார்ப்பது குறைந்துவிட்டது.

செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது எப்படி?

1956 நவம்பர் 1, மொழிவழி மாநிலச் சீரமைப்பில். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் இதற்குப் பின்னால் இருக்கிறது. செங்கோட்டைப் பகுதியில் அதற்கு முன்நின்றவர்களில் சட்டநாதக் கரையாளர் முக்கியமானவர்.

பலரும் கவனிக்காத ஒன்று: தாலுகா முழுதாக வரவில்லை. தமிழ் பேசும் சமவெளிப் பகுதி இங்கே வந்தது. மேற்கே ஆரியங்காவு, தென்மலைக் காடுகள் கேரளத்திலேயே இருந்துவிட்டன. குலதெய்வம் மலைக்கு அந்தப் பக்கமும் வீடு இந்தப் பக்கமுமாக ஆன குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு எல்லை மாறியது காகிதத்தில் மட்டும்தான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது அப்படியே தொடர்ந்தது. பிறகு 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அதன் தாலுகாக்களில் ஒன்றானது.

ஊரில் பேசுவது தமிழா, மலையாளமா?

தமிழ். அதிலும் சுத்தமான திருநெல்வேலிப் பேச்சு. "அண்ணாச்சி" என்ற விளிப்பு எல்லாக் கடையிலும் கேட்கும். வியாபாரத்துக்கு வேண்டிய மலையாளம் பலருக்கும் வரும். ஆரியங்காவில் கடை வைத்திருப்பவருக்குத் தமிழ் வருவதைப் போல.

வாஞ்சிநாதனுக்கும் இந்த எல்லைக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. வாஞ்சி 1886-ல் செங்கோட்டையில் பிறந்தவர். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை ரயில் பெட்டிக்குள் சுட்டுவிட்டு, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

அன்றைய வரைபடத்தை மனதில் வைத்துப் பாருங்கள். வாஞ்சியின் சொந்த ஊரும் வேலை பார்த்த ஊரும் சமஸ்தானத்தில் இருந்தன. பிரிட்டிஷ் போலீசின் நேரடிக் கண் அங்கே இல்லை. புரட்சியாளர் நீலகண்ட பிரம்மச்சாரி தொடர்பில் உருவான இரகசியச் சங்கத்துக்குச் செங்கோட்டையிலும் புனலூரிலும் ஆட்கள் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். வழக்கில் சிக்கியவர்களில் செங்கோட்டைக்காரர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஊரில் வாஞ்சிக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. ஜூன் 17 அன்று மாலை அணிவிப்பார்கள்.

ஆரியங்காவு சாஸ்தா கல்யாணத்தில் மதுரைக்காரர்கள் பெண்வீட்டாராக வருகிறார்களாமே, உண்மையா?

உண்மை. இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு விழாவைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

கதை இப்படி. மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிர பட்டு வியாபாரி ஒருவர் திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டுபோகிறார். கூட மகள் புஷ்கலை. ஆரியங்காவு வரை வந்தவர், அதற்கு மேல் காட்டு விலங்குகள் நடமாடும் வழியில் பெண்ணை அழைத்துப் போக அஞ்சி, கோயில் மேல்சாந்தியின் (தலைமை அர்ச்சகரின்) வீட்டில் விட்டுச் செல்கிறார். பெண் கோயிலில் தொண்டு செய்துகொண்டு, சாஸ்தாவிடமே மனதைக் கொடுத்துவிடுகிறாள். வியாபாரி திரும்பும் வழியில் மதயானை ஒன்று துரத்துகிறது. வேட்டுவ இளைஞன் ஒருவன் வந்து யானையை அடக்குகிறான். நன்றிக்கு வியாபாரி ஒரு பட்டு வஸ்திரம் கொடுக்க, அவன் அதைப் போர்த்திக்கொண்டு, "உங்கள் பெண்ணைக் கொடுப்பீர்களா?" என்று கேட்கிறான். வியாபாரி சம்மதிக்கிறார். ஆரியங்காவுக்கு வந்தால் பெண்ணைக் காணவில்லை. கோயில் நடை திறந்தபோது, காட்டில் கொடுத்த அதே பட்டு சாஸ்தாவின் மேனியில் இருக்கிறது.

அன்றிலிருந்து மதுரைச் சௌராஷ்டிரர்கள் அந்தக் கோயிலுக்குச் சம்பந்தி. இது பேச்சுக்குச் சொல்கிற உறவு அல்ல. மார்கழி மாதத்தில், டிசம்பர் கடைசி வாக்கில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு அவர்கள் சீர்வரிசையோடு செங்கோட்டை வழியாக ஆரியங்காவு போகிறார்கள். கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு மாப்பிள்ளை வீட்டாராக நின்று அவர்களை வரவேற்கிறது. ஓர் அரசு சார்ந்த நிர்வாகம் ஆண்டுதோறும் மாப்பிள்ளை வீட்டு முறை செய்வது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. பக்கத்தில் உள்ள மாம்பழத்துறையிலிருந்து அம்பாளை விளக்கின் சுடராக அழைத்து வருவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் "பாண்டியன் முடிப்பு" நடக்கும். நிச்சயதார்த்தத்துக்கு நிகரான சடங்கு அது.

கல்யாணம் எப்படி முடிகிறது என்பதுதான் மனதைப் பிடிப்பது. ஆரியங்காவு சாஸ்தா இளைஞர், பிரம்மச்சாரி என்பது மலையாளப் பக்கத்து நம்பிக்கை. அதனால் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் ருதுவானதாக அறிவித்துத் திருமணத்தை நிறுத்திவிடுகிற மரபு சொல்லப்படுகிறது. பெண்வீட்டாருக்கோ பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்ட நிறைவு. ஒரே பந்தலில் ஒரு தரப்புக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மறு தரப்புக்கு ஆகவில்லை. ஆண்டுதோறும் இரு தரப்பும் சண்டையின்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

அச்சன்கோவில் கேரளத்தில் இருக்கிறது. அதன் திருவாபரணம் ஏன் தமிழ்நாட்டு ஊர்களின் வழியே வருகிறது?

பாதைதான் காரணம். ஆபரணங்கள் இருப்பது புனலூர் கருவூலத்தில். புனலூரிலிருந்து அவை ஆரியங்காவு வழியாக மலையிறங்கி, செங்கோட்டை, தென்காசி, பண்பொழி வந்து, மேக்கரைப் பக்கமாக மறுபடியும் மலையேறி அச்சன்கோவிலைச் சேர்கின்றன. கேரளத்து நகை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கேரளத்துக்கே திரும்புகிறது. இரண்டு மாநிலப் போலீசும் பாதுகாப்புக்கு உண்டு.

மார்கழி பிறப்பை ஒட்டி ஊர்வலம் வரும்போது செங்கோட்டையிலும், தென்காசி காசிவிசுவநாதர் கோயில் முன்பும் சரண கோஷத்தோடு கூட்டம் நிற்கும். வீட்டு வாசலில் குத்துவிளக்கு ஏற்றிவைத்து, பூத்தட்டோடு காத்திருக்கும் பெண்களை வழிநெடுகப் பார்க்கலாம். பெட்டி கடந்து போகும் சில விநாடிகளுக்காக அவ்வளவு நேரம் நிற்கிறார்கள். அச்சன்கோவில் சாஸ்தா பூரணை, புஷ்கலை சமேதராக இருக்கும் இல்லறத்தார். மார்கழித் திருவிழாவில் அவருக்குத் தேரோட்டம் உண்டு. வடம் பிடிக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திரளாகப் போகிறார்கள். பாம்புக்கடிக்கு அந்தக் கோயில் சந்தனத்தை மருந்தாக நம்பியவர்களும் இரண்டு பக்கமும் உண்டு.

குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் இளைஞன், அச்சன்கோவிலில் இல்லறத்தான், சபரிமலையில் துறவி என்று ஒரே சாஸ்தாவின் வாழ்க்கை இந்த மலைத்தொடர் நெடுகப் பரவிக் கிடக்கிறது. செங்கோட்டைக்காரர் மாலை போட்டால் இவற்றில் இரண்டு மூன்றையாவது வழியில் தொட்டுத்தான் சபரிமலை போவார்.

கோட்டைவாசலில் லாரிகள் ஏன் நிற்கின்றன?

கருப்பசாமி கோயிலுக்காக. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவர்தான் காவல். ஓட்டுநர் இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, காணிக்கை போட்டுவிட்டு ஏறுவார். நேரமில்லாதவர் வண்டியை மெதுவாக்கி ஒரு ஹாரனாவது அடித்துவிட்டுப் போவார்.

கொடை என்றால் என்ன? வில்லுப்பாட்டு இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. சுடலைமாடன், முப்பிடாதி அம்மன், பேச்சியம்மன், இசக்கியம்மன் போன்ற தெய்வங்களுக்கு எடுக்கும் ஆண்டு விழாதான் கொடை. பந்தல்கால் நடும் கால்நாட்டு முடிந்து சில நாட்களில், பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியை ஒட்டி, சாமியை அழைக்கும் குடியழைப்பில் தொடங்கும். மதியக்கொடை, சாமக்கொடை என்று பகலும் இரவும் போகும். நையாண்டி மேளம், சாமியாட்டம், தீப்பந்தம், படப்புச்சோறு எல்லாம் உண்டு.

வில்லுப்பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீண்ட வில், அதன் நாணில் கட்டிய மணிகள், வில்லைத் தாங்கும் மண்குடம். தலைவர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது மணிகள் ஒன்றாகக் குலுங்கும். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டியால் அறைவார். உடுக்கும் கட்டையும் தாளமும் சேர்ந்துகொள்ளும். முதலில் காப்பு, வருத்துப்பாட்டு, பிறகு கதை. பின்பாட்டுக்காரர் "ஆமா" போட, கதை விடியும் வரை ஓடும். நான் சொல்ல விரும்புவது நேரத்தைப் பற்றி: முன்னிரவில் பாதிக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும், குழந்தைகள் பலூன் கேட்டு அழும். சாமம் ஆனபின் கதை உச்சத்துக்கு வரும்போது, வில்லுக்காரர் குரலை ஏற்றி மணியைக் குலுக்குவார். அந்தக் கட்டத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை. சாமியை வரவழைக்கும் வேலை அது. ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் கேட்டுவிட்டு வில்லுப்பாட்டு பார்த்தோம் என்று சொல்ல முடியாது.

சுடலைமாடன் கதையிலும் எல்லை வருகிறது. கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த மாடன் பூலோகம் வந்து, கதையின் பல வடிவங்களில், மலையாள நாட்டுக்குப் போகிறான். கொட்டாரக்கரைப் பகவதியின் புதையலுக்குக் காவல் நிற்கிறான். அதைத் திருடிய பெரும்புலையன் என்னும் மந்திரவாதியோடு மோதி அவனை அழிக்கிறான். செங்கோட்டை ஒரு காலத்தில் கொட்டாரக்கரை அரசின் கீழ் இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? கதை கேட்கிற கிழவிக்கு அந்தச் சரித்திரம் தெரிய வேண்டியதில்லை. மாடன் எந்த மலையேறி எந்த வழியாகப் போனான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு ஆண்கள் வண்டி ஓட்டிய வழி அது.

கணியான் கூத்து அருகிவருகிறது. அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட இரண்டு ஆண்கள் ஆட, உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்கள் (தோல் பறைகள்) முழங்கும் கலை அது. சுடலை கோயில்களில் அதற்குச் சடங்கு முறையில் தனி இடம் உண்டு. கொடை எடுக்கிற ஊர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது கூத்திலும் வில்லிலும்தான் என்பது வருத்தமான விஷயம். வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இவர்களுக்குக் கொடுத்தால் ஒரு கலைக்குடும்பம் அந்தத் தொழிலிலேயே இருக்கும்.

சித்திரை முதல் நாளில் கனி காண்கிறார்களே, அது கேரளத்திலிருந்து வந்ததா?

வந்தது, போனது என்று பார்க்காமல் இருப்பது நல்லது. இந்தப் பக்கம் சித்திரை முதல் நாளுக்கே "சித்திரை விசு" என்றுதான் பெயர். குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழாவும் ஐப்பசி விசுத் திருவிழாவும் நடக்கின்றன. பாபநாசத்திலும் சித்திரை விசு பெரிய விழா. வீட்டில் முந்தைய இரவே கண்ணாடி, பழங்கள், பூ, நகை, நாணயம் எல்லாம் தட்டில் வைத்துவிட்டு, விடியலில் கண்ணைத் திறக்காமல் குழந்தைகளை அழைத்துவந்து அதன் முன் நிறுத்துவார்கள். பிறகு பெரியவர்கள் கையில் காசு கொடுப்பார்கள்.

கொல்லம் ஆண்டும் இப்படித்தான். கி.பி. 825-ல் தொடங்கும் அந்தக் கணக்கு திருநெல்வேலிச் சீமைக் கல்வெட்டுகளிலும் பழைய ஆவணங்களிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆவணி முதல் நாள் அதன் ஆண்டுப் பிறப்பு. 2024 ஆகஸ்டில் 1200-ஆம் ஆண்டு பிறந்தது. நாட்காட்டித் தாளில் "கொல்லம் ஆண்டு" என்று சிறிய எழுத்தில் இருப்பதை இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

செங்கோட்டை ஆவுடை அக்காள் யார்?

இந்த ஊர் தமிழுக்குத் தந்த பெரிய கொடை என்று நான் கருதுவது இவரைத்தான். சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர வெங்கடேச ஐயாவாளை குருவாக அடைந்து வேதாந்தம் கற்றவர். குழந்தை விதவை வீட்டின் இருட்டு மூலையில் இருக்க வேண்டிய காலத்தில், அத்வைதத்தைப் பெண்கள் பேசும் தமிழில் பாட்டாகப் பாடினார். தீட்டு, மடி, சாதி வேற்றுமை ஆகியவற்றை அந்தப் பாடல்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கின்றன.

அந்தப் பாட்டுகள் ஏட்டைவிட வாயில்தான் அதிகம் வாழ்ந்தன. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகாரங்களில் பெண்கள் வேலை செய்துகொண்டும், மாலையில் கூடி உட்கார்ந்தும் பாடினார்கள். அம்மா பாடிக் கேட்டு மகள் கற்றாள். ஒரு ஆடி அமாவாசை நாளில் குற்றால மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. பிற்காலத்தில் பாடல்கள் தொகுக்கப்பட்டு அச்சாகிவிட்டன. மெட்டு அச்சில் வராது. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஒரு பாட்டாவது மெட்டோடு தெரியும் என்றால், இன்று மாலையே கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள்.

எஸ்.ஜி. கிட்டப்பா இந்த ஊர்க்காரரா?

ஆம். பெயரின் முதலெழுத்தே செங்கோட்டைதான். அடுத்தது தந்தை கங்காதர ஐயர். 1906-ல் பிறந்து 1933-ல் மறைந்த நாடக நடிகர், பாடகர். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசை வரை கேட்ட குரல் என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி அந்தப் புகழ் இன்றுவரை வந்திருக்கிறது. கே.பி. சுந்தராம்பாள் அவருடைய மனைவி. கிட்டப்பா மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தியே வாழ்ந்தார்.

என்ன சாப்பிடலாம்?

பார்டரில் பரோட்டா. உள்ளங்கையை விடச் சற்றே பெரிதான, அடுக்கு அடுக்காகப் பிரியும் பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்தவுடன் நாலைந்தாகச் சேர்த்து இரண்டு கையாலும் அடித்துத் தளர்த்தி வாழையிலையில் போடுவார்கள். மேலே சால்னா. கூடவே மிளகு காரத்தோடு நாட்டுக்கோழி, காடை, பிச்சுப்போட்ட கோழி. மரம் ஏற்றிவரும் லாரிக்காரர்கள் நின்று சாப்பிட வளர்ந்த கடைகள் இவை. அதனால்தான் காரமும் அளவும் தாராளம்.

ஆனால் ஊரின் சமையல் கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் சொதி வைப்பார்கள். தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலும் சிறுபருப்பும் சேர்த்து, இறக்கும்போது தலைப்பால் ஊற்றுவார்கள். தலைப்பால் ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சி மாற்று. மழைக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு அவித்து, மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) வைத்துச் சாப்பிடுவதும் சாதாரணம். குற்றாலச் சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் சாலையோரம் குவிந்திருக்கும்.

கொல்லம் ரயில்பாதைக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

மலையைக் குடைந்து 1904-ல் திறக்கப்பட்ட மீட்டர்கேஜ் பாதை அது. குகைகள், தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண் கல் பாலம், பகவதிபுரம் போன்ற சின்னச் சின்ன நிலையங்கள். கொல்லத்து முந்திரி வியாபாரிக்கும் செங்கோட்டை நெல் வியாபாரிக்கும் பந்தம் உண்டாக்கிய பாதை. அகலப்பாதைப் பணிக்காக 2010-ல் மலைப்பகுதியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 2018-ல் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லாரும் பஸ்ஸில் போனார்கள். ரயில் திரும்பி வந்தபோது நிலையத்தில் ஊரே கூடியது.

ஊரின் பிழைப்பு என்ன?

நெல், தென்னை, மரம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே சாரலைக் கொண்டுவருவதால் ஆனி, ஆடியிலேயே இங்கே வயலில் தண்ணீர் நிற்கும். கார், பிசானம் என இரண்டு போகம். 36 அடி உயரமுள்ள குண்டாறு அணை மற்ற அணைகளுக்கு முன்பே நிரம்பி வழியும். பிரானூரில் மர அறுவை மில்கள் வரிசையாக இருக்கின்றன. வைக்கோலும் காய்கறியும் லாரியில் மலையேறுகின்றன. ஓணம் நெருங்கும்போது பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளில் காய்கறி விலை ஏறும்.

எப்போது வரலாம், எப்படி வரலாம்?

சாரலுக்கும் அருவிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. திருவாபரணம், ஆரியங்காவு கல்யாணம், அச்சன்கோவில் தேர் மூன்றையும் பார்க்க டிசம்பர் நடுவிலிருந்து கடைசி வரை. சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டை வரை வருகிறது. தென்காசியிலிருந்து டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கொல்லம் ரயிலில் மலையைப் பார்க்க விரும்பினால் பகலில் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

கொடைக்கு வெளியூர்க்காரர்கள் வரலாமா? படம் எடுக்கலாமா?

வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டார்கள். கோயில் எல்லைக்குள் செருப்பு வேண்டாம். சாமியாடி முகத்துக்கு நேராக விளக்கு அடித்துப் படம் எடுப்பதை யாரும் விரும்புவதில்லை. கோயில் பெரியவரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் நின்று எடுங்கள். வில்லுக்காரரைப் படம் எடுத்தால் அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, படத்தோடு சேர்த்துப் போடுங்கள். அடுத்த கொடைக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்த்து அவரை அழைப்பார்கள்.